புரட்டாசியில் நிரப்பி, போகியில் காலி செய்யுங்கள்

வாசகர் கேள்வி - பதில்
இந்த இதழில்: புயல், மழை நாட்களுக்கான வீட்டுக் கையிருப்பு

கேள்வி: போன வருடம் புயல் அறிவிப்பு வந்தபோது அரிசி, ரவை, பிஸ்கட், மெழுகுவத்தி, டார்ச் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் போட்டுப் பரணில் ஏற்றினேன். ஆடியில் வீடு ஒழிக்கும்போது இறக்கிப் பார்த்தால் ரவை நூல் நூலாகக் கோத்துக்கொண்டிருக்கிறது, பிஸ்கட்டில் காறல் வாடை, டார்ச் எரியவே இல்லை. மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. எங்கே தவறு?
- வாசகி, கடலூர்

பதில்: மூடியில் தவறில்லை. அந்த டிரம் சித்திரை, வைகாசி வெயிலைப் பரணில் கழித்ததுதான் தவறு. காங்கிரீட் தளத்துக்கு இரண்டடி கீழே இருக்கும் பரண், கத்திரி வெயிலில் இரவில்கூட ஆறாது. அந்தச் சூட்டில் எண்ணெய்ப் பசையுள்ள எதுவும் காறிப்போகும்: பிஸ்கட், வேர்க்கடலை, முறுக்கு, கோதுமை மாவு எல்லாமே. ரவையில் நூல் கட்டியது அந்துப்பூச்சியின் புழு. முட்டையோ சின்னப் புழுவோ ரவையோடு சேர்ந்தே உள்ளே போயிருக்கும். நீங்கள் இறுக்கி மூடியது அதையும் சேர்த்துத்தான்.

நம் கரையைத் தொட்ட புயல்களின் தேதியைப் பாருங்கள். தானே 2011 டிசம்பர் 30. வர்தா 2016 டிசம்பர் 12. கஜா 2018 நவம்பர் 16. நிவர் 2020 நவம்பர் கடைசி வாரம். ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30. ஆந்திரத்தில் கரையேறினாலும் சென்னையை மூழ்கடித்துவிட்டுப் போன மிக்ஜாம் 2023 டிசம்பர் முதல் வாரம். 2015 பெருவெள்ளம் டிசம்பர் 1, 2. எல்லாம் ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் அடங்கிவிடுகின்றன. நிலநடுக்கம் வரும் நாட்டுக்காரர்கள் வருடம் பூராவும் பெட்டியை நிரப்பி வைக்கவேண்டும். அவர்களுக்கு நாள் தெரியாது. நமக்கு மாதம் தெரியும். அப்படியிருக்க, கெட்டுப்போகும் சாமானை ஏன் கோடை முழுக்கக் காவல் காக்கவேண்டும்?

ஆகவே எங்கள் யோசனை இதுதான். புரட்டாசி முதல் வாரத்தில் நிரப்புங்கள். போகியன்று பழையன கழிக்கும் கையோடு டிரம்மை இறக்கி, உணவுப் பொருள் அத்தனையையும் சமையலறைக்கு மாற்றிவிடுங்கள். தையிலும் மாசியிலும் அதையே சமைத்துத் தீர்க்கலாம். சாப்பாட்டுச் சாமானில் ஒரு பிடிகூடக் கோடையைப் பார்க்கக்கூடாது. வருடம் முழுவதும் இருக்கவேண்டியவை நான்குதான்: விளக்கு, மருந்து, ஆவணப் பை, ஒரு நாளுக்கான குடிநீர்.

இன்னொன்று. கையிருப்புக்கென்று தனிச் சாமான் வாங்காதீர்கள். வீட்டில் யாரும் தொடாத நூடுல்ஸும் டின் உணவும் எத்தனை தேதி போட்டிருந்தாலும் கடைசியில் குப்பைக்குத்தான் போகும். நீங்கள் மாதா மாதம் வாங்கும் அதே அரிசி, அதே பருப்பைப் புரட்டாசியில் ஒரு பங்கு கூடுதலாக வாங்குங்கள். அதன்பிறகு டப்பா காலியான பின் கடைக்குப் போகாமல், பாதி இருக்கும்போதே போங்கள். அந்தப் பாதிதான் உங்கள் கையிருப்பு.

கேள்வி: நாங்கள் நான்கு பேர், இருவர் பள்ளிப் பிள்ளைகள். எவ்வளவு வைத்தால் போதும்? தரைத்தளத்தில் வாடகை வீடு, இடம் குறைவு.
- வாசகர், வேளச்சேரி, சென்னை

பதில்: அடுப்பு பற்றவைக்க முடியாத, வெளியே போக முடியாத 3 நாள், கடை சரியாகத் திறக்காத இன்னொரு 4 நாள். ஆக 7 நாளுக்குக் கணக்குப் போடுங்கள்.

அடுப்பில்லாத 3 நாளுக்கு அவலை விட நம்பகமானது வேறில்லை. ஆளுக்கு ஒரு வேளைக்கு 75 கிராம், இரு வேளை, நான்கு பேர், மூன்று நாள் என்றால் 1.8 கிலோ, 2 கிலோ வாங்குங்கள். மெல்லிய அவல் பச்சைத் தண்ணீரில் ஐந்து நிமிடத்தில் ஊறிவிடும். கெட்டி அவலுக்கு அரைமணிக்கும் மேல் ஆகும், தண்ணீரும் அதிகம் குடிக்கும். ஆகவே கையிருப்புக்கு மெல்லிய அவல். அதோடு பொட்டுக்கடலை 1 கிலோ, வெல்லம் 1 கிலோ, பேரீச்சம்பழம் அரை கிலோ, கடலைமிட்டாய் ஒரு பாக்கெட். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பிஸ்கட்டைச் சிறு பாக்கெட்டாக வாங்குங்கள். பெரிய பாக்கெட்டைப் பிரித்தால் மழை ஈரத்தில் மறுநாளே நமுத்துப்போகும்.

சமைக்கும் நாட்களுக்கு அரிசி 5 கிலோ, பருப்பு 1 கிலோ, எண்ணெய் 1 லிட்டர், உப்பு, புளி, மிளகாய்த்தூள், வற்றல், வடகம், ஊறுகாய். வடகமும் வற்றலும் உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருந்தால் காய்கறிக் கவலை பாதி தீர்ந்தது. இட்லி மாவை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்; மின்சாரம் போனால் கிரைண்டரும் இல்லை, ஃபிரிட்ஜும் இல்லை. பால்பவுடர் 500 கிராம் ஒரே பாக்கெட்டாக வேண்டாம், சிறு பாக்கெட்டுகளாக வாங்குங்கள். ஈரக் கரண்டி ஒருமுறை பட்டால் முழுப் பாக்கெட்டும் கட்டிதட்டிவிடும்.

இடம் பற்றி: தரைத்தளத்தில் கட்டிலுக்கடியில் மட்டும் வைக்கவேண்டாம். உங்கள் தெருவில் முன்பு தண்ணீர் எந்த உயரம் வரை நின்றது என்று பக்கத்து வீட்டாரிடம் கேளுங்கள், சுவரில் கறை இருந்தால் பாருங்கள். அதற்கும் இரண்டடி மேலே எந்த அலமாரி இருக்கிறதோ அதுதான் இடம். நான்கு மாதம்தான் என்பதால் துணி அலமாரியின் மேல்தட்டே போதும். ஆனால் அங்கே அந்துருண்டை இருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். அந்துருண்டை வாசனை பிளாஸ்டிக் உறைக்குள்ளும் புகும். அப்புறம் அவலை வாயில் வைக்க முடியாது. சோப்பு, ஊதுவத்தி, மண்ணெண்ணெய்க்கும் இதே விதி.

கேள்வி: குடிநீரை எத்தனை நாள் சேமித்து வைக்கலாம்? எங்கள் தெருவில் ஒவ்வொரு வெள்ளத்திலும் சம்ப்பில் சாக்கடை கலந்துவிடுகிறது. பிளீச்சிங் பவுடர் போட்டால் குடிக்கலாமா?
- வாசகி, முடிச்சூர், சென்னை

பதில்: இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். வெள்ளம் வடிந்த பிறகு வீடுகளுக்கு வரும் நோய்களில் பெரும்பாலானவை தண்ணீர் வழியாகத்தான் வருகின்றன.

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர். நான்கு பேருக்கு 3 நாளைக்கு 48 லிட்டர். அதாவது 20 லிட்டர் கேன் இரண்டு, மீதி பாட்டில்களில். கேனை வாங்கியதும் அடைப்பைப் பிரிக்காமல், வெயில் படாத இடத்தில், தரையில் இல்லாமல் ஒரு மணைமேல் வையுங்கள். ஜன்னலோரம் வைத்தால் பாசி பிடிக்கும். புரட்டாசி முதல் போகி வரை எப்போதும் ஒரு கேன் கூடுதலாக இருக்கட்டும். புதிய கேன் வந்ததும் அது பின்னால் போகும், பழையது அடுப்படிக்கு வரும். இப்படிச் சுற்றிவிட்டால் எந்தக் கேனும் பத்துப் பதினைந்து நாளுக்கு மேல் தேங்காது.

நீங்களே பிடித்து வைப்பதானால், தண்ணீர் வந்த பாட்டிலையே பயன்படுத்துங்கள். பால் பாட்டில், ஜூஸ் பாட்டில் வேண்டாம். எவ்வளவு கழுவினாலும் மூடியின் திருகுக்குள் கசடு தங்கும். பெயிண்ட் வாளி, ஆசிட் கேன், பூச்சிமருந்து கேன் எதையும் தண்ணீருக்குப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவி, காயவைத்து, காய்ச்சி ஆறிய தண்ணீரைக் கழுத்து வரை நிரப்பி மூடி, நிரப்பிய தேதியை எழுதுங்கள். மாதம் ஒருமுறை மாற்றினால் போதும். பழைய தண்ணீர் செடிக்கோ வீடு துடைக்கவோ போகட்டும்.

குளிக்க, கழுவ வைக்கும் டிரம்மும் அண்டாவும் கட்டாயம் மூடியிருக்கவேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். வாரம் ஒருமுறை முழுக்கக் கொட்டி, உட்சுவரை நார் போட்டுத் தேய்த்துக் கழுவி நிரப்புங்கள். முட்டை தண்ணீரில் மிதப்பதில்லை, நீர்மட்டத்துக்கு மேலே சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரை மட்டும் மாற்றினால் போகாது.

இனி சம்ப். புயல் எச்சரிக்கை வந்ததும், மின்சாரம் இருக்கும்போதே மோட்டார் போட்டு மேல்தொட்டியை நிரப்பிவிடுங்கள். நிரம்பியதும் மோட்டார் சுவிட்சை அணைத்து, அதன்மேல் ஒரு பிளாஸ்டர் ஒட்டி வையுங்கள். வெள்ளம் வடிந்து மின்சாரம் வந்த அடுத்த நிமிடம், வீட்டில் யாரோ ஒருவர் பழக்கதோஷத்தில் மோட்டாரைப் போட்டுவிடுவார். சாக்கடை கலந்த சம்ப் தண்ணீர் மேலே ஏறி, அதுவரை நல்லதாக இருந்த 1000 லிட்டரையும் கெடுத்துவிடும். தடுக்க வேண்டியது அந்த ஒரு கணத்தைத்தான்.

சாக்கடை கலந்த சம்ப்பில் பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டு அதே தண்ணீரைக் குடிக்கக்கூடாது. கலங்கல் தண்ணீரில் இருக்கும் சேறும் அழுக்குமே குளோரினைத் தின்றுவிடும். கிருமிக்கு மிச்சம் இருக்காது. சம்ப்பை முழுக்க இறைத்து, சேற்றை வழித்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீர் நிரப்புங்கள். அதில் 1000 லிட்டருக்கு 200 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்து, ஓர் இரவு நிற்கவிட்டு, மறுநாள் அந்தத் தண்ணீரையும் வெளியேற்றுங்கள். இது தொட்டியைச் சுத்தம் செய்ய. அதன்பிறகு நிரப்பும் தண்ணீருக்கு 1000 லிட்டருக்கு 4 கிராம், அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டி, போதும். பவுடரை நேரே கொட்டாமல் ஒரு பிளாஸ்டிக் வாளியில் கூழாகக் கரைத்து, மேலும் தண்ணீர் விட்டுக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள். அரைமணி நேரம் கழித்து லேசாகக் குளோரின் வாசனை வந்தால் சரியாக இருக்கிறது என்று பொருள். வாசனையே இல்லையென்றால் பவுடர் செத்துவிட்டது, அல்லது தண்ணீரில் இன்னும் அழுக்கு இருக்கிறது. குடிக்கும் தண்ணீரை இதற்குப் பிறகும் காய்ச்சியே குடியுங்கள்.

பிளீச்சிங் பவுடர் சேமித்து வைக்க ஏற்ற சாமான் இல்லை. ஈரமும் சூடும் பட்டால் குளோரின் கொஞ்சம் கொஞ்சமாகப் போய், கடைசியில் வெறும் சுண்ணாம்புத்தூள் மிஞ்சும். கட்டிதட்டி, வாசனை குறைந்த போன வருடப் பொட்டலத்தை நம்பாதீர்கள். புரட்டாசியில் புதிதாக அரை கிலோ வாங்கி, பிளாஸ்டிக் டப்பாவில் இறுக்கி மூடி, உணவிலிருந்தும் மருந்திலிருந்தும் தள்ளி வையுங்கள். தகர டப்பா துருப்பிடித்து ஓட்டையாகிவிடும். கழிவறை கழுவும் ஆசிட்டோடு இது ஒருபோதும் கலக்கக்கூடாது. கிளம்பும் வாயு நுரையீரலைப் பொசுக்கும்.

குளோரின் மாத்திரை வாங்குவோருக்கு ஒரு வார்த்தை: எல்லா மாத்திரையும் ஒரே வீரியம் இல்லை. சில ஒரு லிட்டருக்கு, சில 20 லிட்டருக்கு. அட்டையில் போட்டிருப்பதைப் படித்து, பெரிய எழுத்தில் மேலே எழுதி வையுங்கள்.

கேள்வி: காற்றுப் புகாத டப்பாவில் வைத்தும் ஒரு மாதத்தில் அரிசியில் வண்டு வருகிறது. வெயிலில் காயவைத்தால் சாதம் உடைந்து குழைகிறது. என்ன செய்ய?
- வாசகி, திருவாரூர்

பதில்: ஒரு பிடி அரிசியை வெள்ளைத் தட்டில் பரப்பி வெளிச்சத்தில் பாருங்கள். சில மணிகளில் ஊசியால் குத்தியதுபோல் ஓட்டை இருக்கும். பெண் வண்டு தன் மூக்கால் அரிசியைத் துளைத்து, குழிக்குள் ஒரு முட்டையிட்டு, மேலே பசைபோல ஒன்றால் அடைத்துவிடுகிறது. முட்டை, புழு, கூட்டுப்புழு எல்லாம் அந்த ஒரு மணிக்குள்ளேயே. நம் ஊர்ச் சூட்டில் ஒரு மாதத்தில் வண்டாகி ஓட்டை போட்டு வெளியே வருகிறது. நீங்கள் வாங்கி வந்த நாளில் சுத்தமாகத் தெரிந்த அரிசிக்குள்ளேயே அது இருந்திருக்கிறது. டப்பா மேல் பழி இல்லை.

ஃபிரீசர் இருந்தால் அரிசியை 2 கிலோ பைகளாகக் கட்டி நான்கு நாள் உள்ளே வைத்து எடுங்கள். முட்டை உட்பட எல்லாம் செத்துவிடும். எடுத்தவுடன் பையைப் பிரிக்கக்கூடாது. அரிசி குளிர்ந்திருக்கும்போது திறந்தால் காற்றின் ஈரம் அதன்மேல் வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். பை வெளிச்சூட்டுக்கு வரும்வரை ஒரு பகல் விட்டுவிட்டு, பிறகு டப்பாவில் கொட்டுங்கள்.

ஃபிரீசர் இல்லாதவர்கள் வசம்பு, காய்ந்த மிளகாய், நிழலில் காய்ந்த வேப்பிலை போடலாம். இவை வெளியிலிருந்து வருவதைத் தடுக்க உதவும், அரிசிக்குள் இருக்கும் முட்டையைக் கொல்லாது. ஈர வேப்பிலை போட்டால் அதுவே பூஞ்சைக்கு வழி. பழைய அரிசி அடியில் இருக்க அதன்மேலேயே புதியதைக் கொட்டும் வழக்கத்தை முதலில் விடுங்கள். வண்டு தலைமுறை தலைமுறையாகத் தொடர்வதற்கு அதுதான் காரணம். டப்பாவைக் காலிசெய்து, மூடியின் விளிம்பையும் அடி மூலையையும் துடைத்து, ஒரு பகல் வெயிலில் காயவிட்டு, பிறகுதான் அடுத்த மூட்டை.

வெயில் அரிசிக்கு ஆகாது. மணியில் கீறல் விழுந்து, வேகும்போது உடையும். பருப்புக்கும் பயறுக்கும் வெயில் நல்லது. காயவைத்து, சூடு ஆறியபின் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெய் புரட்டி வைத்தால் வண்டு அண்டாது.

டெல்டா வீடுகளில் கேழ்வரகு இருந்தால் அதை மறக்காதீர்கள். அந்தச் சின்ன மணிக்குள் வண்டு வளர இடமில்லை. சரியாகக் காய்ந்த கேழ்வரகு வருடக்கணக்கில் நிற்கும். ஆனால் மாவாக்கினால் சீக்கிரம் கசந்துவிடும். மழைக்கு முன் இரண்டு கிலோ மட்டும் அரைத்து வையுங்கள். மின்சாரம் போன பிறகு மில்லும் ஓடாது.

கேள்வி: கஜா சமயத்தில் இருபது நாளுக்கு மேல் இருட்டில் இருந்தோம். டார்ச், எமர்ஜென்சி லைட், பவர்பேங்க் எல்லாம் வாங்கிவிட்டேன். தேவைப்படும் நாளில் எதுவும் வேலை செய்வதில்லை.
- வாசகர், வேதாரண்யம்

பதில்: கஜாவில் டெல்டா முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன, பல ஊர்களுக்கு மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆனது. அப்படியொரு இருட்டுக்கு ஒரே வகை விளக்கை நம்பக்கூடாது.

டார்ச்சில் பேட்டரிக் கட்டையைப் போட்டபடியே வைக்காதீர்கள். திறந்து பாருங்கள்: ஸ்பிரிங்கில் வெள்ளைப் பொடியோ, பச்சை பூத்த களிம்போ இருக்கும். கட்டை ஒழுகியிருக்கிறது. கையுறை போட்டுக் கட்டையை எடுத்துவிட்டு அதன் உறையைப் பாருங்கள். ஆல்கலைன் என்றிருந்தால் எலுமிச்சைச் சாற்றில் நனைத்த பஞ்சு. சாதாரண மலிவுக் கட்டையென்றால் சமையல் சோடா கரைத்த நீரில் நனைத்த பஞ்சு. துடைத்து, ஈரம் போகக் காயவிட்டு, ஸ்பிரிங்கின் நுனியை உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். பெரும்பாலும் மறுபடி எரியும். இனி கட்டையைத் தனியாகக் கவரில் போட்டு, டார்ச்சோடு ரப்பர் பேண்டில் கட்டி வையுங்கள். புதியதையும் பழையதையும் ஒன்றாகப் போடக்கூடாது. பலவீனமான கட்டை முதலில் தீர்ந்து ஒழுக ஆரம்பிக்கும். போகியன்று அந்தக் கட்டைகளைச் சுவர்க்கடிகாரத்துக்கு மாற்றிவிட்டால் வீணாகாது.

எமர்ஜென்சி லைட் பலவற்றில் சிறிய ஈய-அமில பேட்டரி இருக்கிறது. தூக்கிப் பார்த்தால் அளவுக்கு மீறிக் கனக்கும். அதைச் சார்ஜ் இறங்கிய நிலையில் மூன்று நான்கு மாதம் விட்டால் உள்ளே உப்புப் படிந்து செத்துப்போகும், பிறகு எத்தனை மணி நேரம் போட்டாலும் ஏறாது. மாதம் ஒருமுறை, மின்கட்டணம் போல ஒரு தேதி வைத்து, ஒரு மணி நேரம் எரியவிட்டு முழுக்கச் சார்ஜ் செய்யுங்கள்.

பவர்பேங்க்கும் செல்போனும் லித்தியம் வகை. முழுக்க நிரப்பி மாதக்கணக்கில் விடுவதும், முழுக்கக் காலியாக விடுவதும் ஆகாது. கோடையில் பாதிக்குச் சற்று மேல் இருக்கட்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து ஏற்றுங்கள். எச்சரிக்கை வந்த அன்று முழுக்க நிரப்புங்கள். பெட்டியில் 10,000 என்று போட்டிருப்பது உள்ளே இருக்கும் செல்லின் அளவு. மின்னழுத்தம் மாறும்போது ஏற்படும் இழப்பெல்லாம் போக, 5,000 கொள்ளளவுள்ள போனுக்கு ஒன்றரை முறைகூட ஏறாது. அந்தக் கணக்கோடு வாங்குங்கள். மெழுகுவத்தியைக் கடைசி வழியாக மட்டும் வையுங்கள். தீப்பெட்டி மழைமாத ஈரத்தில் உரசாது. ஹார்லிக்ஸ் பாட்டில் போன்ற திருகுமூடிப் பாட்டிலில் போட்டு வையுங்கள்.

கேள்வி: என் தாயாருக்கு இன்சுலின், எனக்கு இரத்த அழுத்த மாத்திரை. மின்சாரம் இல்லாத நாட்களில் இன்சுலினை எப்படிக் காப்பது? எத்தனை நாள் மருந்து கூடுதலாக வைக்கலாம்?
- வாசகி, தூத்துக்குடி

பதில்: உங்கள் மாவட்டத்தில் பலர் "நமக்கு மழை குறைவு" என்று இருந்துவிடுவார்கள். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பெய்தது. ஒரு வருட மழை ஒரே நாளில். ஆகவே மருந்தை வருடம் முழுக்கக் கையிருப்பில் வையுங்கள்.

பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரியில் இருக்கவேண்டும். மின்சாரம் போனதும் ஃபிரிட்ஜ் கதவைத் திறக்காமல் இருந்தால் ஏறக்குறைய 4 மணி நேரம் குளிர் நிற்கும். அதன்பிறகு பதற வேண்டாம். பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் 25 முதல் 30 டிகிரிக்குள் பொதுவாக 4 வாரம் தாங்கும். உங்கள் மருந்தின் உறையில் சரியான நாளும் வெப்பமும் போட்டிருக்கும். பழைய மண்பானை முறை நன்றாகவே வேலை செய்கிறது. பெரிய பானையில் ஈர மணல், அதன் நடுவில் சின்னப் பானை, அதற்குள் தண்ணீர் புகாத டப்பாவில் இன்சுலின், மேலே ஈரத்துணி. காற்றோட்டமுள்ள நிழலில் வைத்து மணலை நனைத்துக்கொண்டே இருங்கள். அடைமழையில் காற்று ஈரமாக இருப்பதால் குளிர்ச்சி குறைவாகத்தான் கிடைக்கும், ஆனால் அந்த நாட்களில் வெளிச்சூடும் குறைவு.

ஐஸ்கட்டியில் நேரடியாக வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் பிறகு உருகினாலும் பயன்படாது. தெளிவாக இருக்கவேண்டிய வகை கலங்கினாலோ, கலங்கல் வகையை உள்ளங்கையில் உருட்டிய பிறகும் திப்பி திப்பியாக நின்றாலோ எறிந்துவிடுங்கள். ஊசியும், சர்க்கரை பார்க்கும் பட்டைகளும் சேர்த்து வையுங்கள். மருந்து இருந்து ஊசி இல்லாமல் போவதுண்டு.

மாத்திரை 10 நாளுக்குக் கூடுதலாக இருந்தால் போதும். அதைத் தனியே ஒதுக்கி மறந்துவிடாமல், மாதா மாதம் புது அட்டை வாங்கியதும் அதைப் பெட்டியில் வைத்து, பெட்டியில் இருந்ததை எடுத்துச் சாப்பிடுங்கள். அட்டையிலிருந்து மாத்திரையைப் பிரித்துச் சின்ன டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள், ஈரம் இழுக்கும். ஆஸ்பிரின் அட்டையைப் பிரித்ததும் வினிகர் வாடை அடித்தால் அது ஈரத்தில் கெட்டுவிட்டது. காலாவதி 09/2026 என்றிருந்தால் அந்த செப்டம்பர் கடைசி நாள் வரை. மருத்துவர் சீட்டைச் செல்போனில் படம் எடுத்து, ஒரு நகலையும் மருந்துப் பெட்டியில் வையுங்கள். முகாமில் இருக்கும் மருத்துவர் உங்களை அறியமாட்டார்.

உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் குறைந்தது ஆறு இருக்கட்டும். பெரிய பாக்கெட் 1 லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்துக் குழந்தைக்குக் கொடுத்தால் உப்பு ஏறி ஆபத்தாகும். கரைத்ததை 24 மணி நேரத்துக்குப் பிறகு கொட்டிவிடவேண்டும்.

கேள்வி: வீட்டில் எட்டு மாதக் குழந்தை. போன மழைக்கு வாங்கிவைத்த எதுவும் இப்போது பயன்படவில்லை.
- வாசகர், புதுச்சேரி

பதில்: குழந்தை வீட்டில் சாமான் கெடுவதற்கு முன் குழந்தை வளர்ந்துவிடுகிறது. டயப்பரைப் பெட்டியில் வைக்கும்போது அடுத்த அளவாகவே வையுங்கள். பெரிதாக இருந்தாலும் கட்டிச் சமாளிக்கலாம், சிறியது ஏறவே ஏறாது. ஒவ்வொரு தடுப்பூசி நாளிலும் எடை பார்ப்பீர்கள் அல்லவா, அன்று வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து அளவை மாற்றுங்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு வெள்ள நாட்களில் அதையே தொடருங்கள், அதைவிடச் சுத்தமான உணவு அப்போது கிடைக்காது. கூழுக்குச் சத்துமாவு வைப்பதானால் வறுத்து அரைத்து 250 கிராம் பொட்டலங்களாகப் பிரித்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கடலை, முந்திரி சேர்த்த மாவு இன்னும் சீக்கிரம் காறும். தாயாருக்கான நாப்கினையும் இதே பெட்டியில் தண்ணீர் புகாத கவரில் வையுங்கள். கேட்டு வாங்கக் கூச்சப்படும் சாமான் அது.

கேள்வி: கூடுதல் சிலிண்டர் வைத்திருக்கிறோம். வெள்ளம் புகுந்தால் அதை என்ன செய்வது?
- வாசகர், நாகப்பட்டினம்

பதில்: நிரம்பிய சிலிண்டர் மூழ்கிக் கிடக்கும் என்று நினைப்போம். மிதக்கும். 14.2 கிலோ எரிவாயு, ஏறக்குறைய 15 கிலோ இரும்பு, ஆக 30 கிலோவுக்குள். ஆனால் அது 35 லிட்டர் தண்ணீரின் இடத்தை அடைத்துக்கொள்கிறது. அடுப்போடு இணைந்தபடி மிதந்தால் ரப்பர் குழாயும் ரெகுலேட்டரும் பிடுங்கிக்கொள்ளும், வாயு கசியும். தண்ணீர் வாசலுக்கு வரும்போதே ரெகுலேட்டரை அணைத்துக் கழற்றி, நூலில் தொங்கும் வெள்ளை மூடியைப் போட்டு, இரண்டு சிலிண்டரையும் நிமிர்ந்த நிலையில் ஜன்னல் கம்பியில் கயிறு போட்டுக் கட்டுங்கள். அந்த மூடியைப் பலர் முதல் நாளே தொலைத்துவிடுகிறார்கள். இப்போதே போய் இருக்கிறதா பாருங்கள்.

சிலிண்டரின் கைப்பிடி வளையத்துக்குக் கீழே உட்பக்கத்தில் ஏ முதல் டி வரை ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர், இலக்கம் ஆண்டு. அடுத்த பரிசோதனைக்கான காலம் அது. அது கடந்த சிலிண்டரை வாங்காதீர்கள். கூடுதல் சிலிண்டரையும் சுழற்றுங்கள்: ஒன்று தீர்ந்ததும் உடனே பதிவு செய்து, புதியது வந்ததும் பழைய கையிருப்பு அடுப்புக்குப் போகட்டும். வெள்ளம் வடிந்தபின் குழாயையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சி ஆள் பார்த்தபிறகே பற்றவையுங்கள். கசிவு வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள்.

மூடிய அறைக்குள் கரி அடுப்பு மூட்டவே கூடாது. அதிலிருந்து வரும் நச்சுவாயுவுக்கு வாடை கிடையாது, தூங்குகிறவர்கள் எழமாட்டார்கள்.

கேள்வி: பத்திரம், பட்டா, சான்றிதழ்களை லேமினேட் செய்து வைத்துவிடலாமா?
- வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: வேண்டாம். பத்திரத்தின் முத்திரையையும் கையெழுத்தையும் சரிபார்க்கும் இடத்தில் லேமினேட் செய்தது சிக்கலாகும், பிரித்தால் காகிதமே உரியும். தண்ணீர் புகாத ஜிப் கவர் இரண்டு, ஒன்றுக்குள் ஒன்று. வாய்ப்பகுதிகள் எதிரெதிராக இருக்கட்டும். உள்ளே ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், காப்பீட்டு அட்டை, கொஞ்சம் சில்லறை நோட்டு. ஏடிஎம் ஓடாத நாளில் 500 ரூபாய்க்குச் சில்லறை கிடைக்காது. ஒரு தாளில் உறவினர் எண்களோடு, பேரிடர் உதவிக்கு மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077, ஆம்புலன்ஸ் 108. பால்பாயிண்ட் பேனாவால் எழுதுங்கள். மைப்பேனா எழுத்து ஒரு சொட்டு நீரில் கரைந்துவிடும். கவரை வருடம் ஒருமுறை திறந்து காற்றாட விட்டு மூடுங்கள். போகியன்று டிரம்மை இறக்கும்போதே இதையும் செய்துவிடலாம்.